கல்யாணமாகாதவள் எடுத்த கல்யாண வகுப்பு

கல்யாணத்துக்கு முந்தைய வகுப்பு எடுப்பவருக்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்று எந்தச் சபைச் சட்டத்திலும் எழுதவில்லை. எழுதியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

என் பெயர் சலோமி. வயது நாற்பத்து நான்கு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே புதுப்பட்டினத்தில் ஒரு சபையில் பன்னிரண்டு வருடமாக ஊழியம் பார்க்கிறேன். நோயாளி வீட்டில் ஜெபம், ஞாயிறு பள்ளி, பெண்கள் கூட்டம், பாஸ்டர் வர முடியாத நாளில் பிரசங்கம், மைக் செட் மக்கர் பண்ணினால் அதைத் தட்டிப் பார்ப்பது, எல்லாம் இந்த ஊழியத்தில் அடக்கம். சபையில் பாதிப் பேர் இந்தப் பக்கத்து ஆட்கள். தாத்தா காலத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற குடும்பங்கள். இன்று பிள்ளைகள் வெல்டர், நர்ஸ், ரிசார்ட் வேலை, சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனி வேலை என்று இருக்கிறார்கள். மீதிப் பாதி அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் இருக்கும் தெற்கத்திக் குடும்பங்கள்.

நாலு வருடம் முன்பு எங்கள் பாஸ்டர் தலையில் இன்னும் இரண்டு சபைகளைக் கட்டிவிட்டார்கள். அவர் பங்குக்கு என் தலையில் கல்யாண வகுப்பைக் கட்டினார். நிச்சயமான ஜோடி நாலு சனிக்கிழமை வந்து உட்கார்ந்து, குடும்ப வாழ்க்கையைப் பற்றி வேதம் என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அவர்கள் பேரைச் சபையில் மூன்று ஞாயிறு அறிவிப்போம். "எனக்கே ஆகலியே ஐயா" என்றேன். "வேதத்துல கல்யாணத்தப் பத்தி எழுதுன பவுலுக்கு மட்டும் ஆச்சாம்மா?" என்று கேட்டுவிட்டு பைக்கை எடுத்தார். தெரியாத வேலையை 'உங்களால் முடியும்' என்று யாராவது உங்கள் கையில் திணித்துவிட்டுப் போயிருந்தால், முதல் சனிக்கிழமை நான் எத்தனை மணிக்கே விழித்துக்கொண்டேன் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சூரியன் எறங்குற நேரம்

முதல் ஜோடி டேவிட்டும் பிரியாவும். டேவிட்டுக்கு கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. பிரியா கடலோரத்து ரிசார்ட் ஒன்றில் ரூம்களைப் பார்த்துக்கொள்பவள். பாஸ்டர் கொடுத்த குறிப்பை அப்படியே ஒப்பித்துக்கொண்டு வந்தேன். கோபம் வரலாம், ஆனால் சூரியன் மறையும் முன்பே அது தீர்ந்துவிட வேண்டும் என்ற இடத்தில் டேவிட் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைத் தூக்கினான். "சிஸ்டர், நான் வாரம் விட்டு வாரம் நைட்டு. சூரியன் எறங்குறப்ப கம்பெனி பஸ்ஸுல போய்க்கினு இருப்பேன். இவ அப்பதான் வூட்டுக்கு வந்துகினு இருப்பா. சண்ட போடவே ஆளு கெடைக்க மாட்டா, இதுல எப்ப சமாதானம் ஆவறது?"

குறிப்பைப் புரட்டினேன். ஷிஃப்ட் பற்றி அதில் ஒரு வரி இல்லை. போனில் சமாதானம் ஆகலாமே என்றேன். உள்ளே போனை விடமாட்டார்கள் என்றான். வேறு வழியில்லாமல், நைட் ஷிஃப்ட் வாரத்தில் சூரியன் உதித்து வீட்டுக்கு வந்ததும் தீர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் உண்டா என்று இன்றுவரை தெரியாது. பிரியா அதுவரை குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினாள்: "டே ஷிஃப்ட்டுன்னா சாயந்திரம், நைட்டுன்னா காலைல, லீவு அன்னிக்கு எப்ப வேணா. கரெக்டா சிஸ்டர்?"

மைக்கில் போன ஒரு எழுத்து

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் வரவில்லை. நான்தான் பிரசங்கம். கல்யாணம் ஆகாதவர்களுக்குச் சபையில் யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்வதில்லையே என்ற ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. உங்களில் முப்பதைத் தாண்டித் தனியாக இருப்பவர்களுக்குத் தெரியும், ஆராதனை முடிந்து வாசலுக்கு வருவதற்குள் எத்தனை பேர் நம் கையைப் பிடித்து "உனக்காக ஜெபிக்கிறேன்" என்பார்கள் என்று. நமக்கு ஏதோ காய்ச்சல் வந்த மாதிரி. அதனால் அன்று துணிந்து, கல்யாணம் ஆண்டவர் தரும் வரம், கல்யாணம் இல்லாமல் இருப்பதும் அவர் தரும் வரம்தான் என்று பேசினேன். குரல் கொஞ்சம் தழுதழுத்தது. எங்கள் மைக்கும் வழக்கம்போல் கரகரத்தது.

பேசி முடித்ததும் எப்போதையும்விட அதிகமாக 'ஆமென்' வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் நேசமணி அம்மாள் வந்தார். சபையில் பாதிக் கல்யாணங்களைப் பேசி முடித்தவர். கையில் ஒரு கவர். உள்ளே மூன்று ஆண்களின் போட்டோ. மூன்றும் எனக்காக. "இன்னாம்மா இது?" என்று பதறினேன். அந்த அம்மாளுக்கு என்னைவிட அதிகக் குழப்பம். "நீதான சிஸ்டரு மைக்ல சொன்ன, கல்யாணம் இல்லாம கீறவங்களுக்கும் ஆண்டவர் வரன் தருவாருன்னு? எனுக்கு ராவெல்லாம் தூக்கமே இல்ல, கையோட எடுத்துக்கினு வந்துட்டேன்."

பீரோவுக்குள் ஒரு மாலை

கேளம்பாக்கத்தில் ஆஸ்பத்திரியில் இருந்த ஒருவரைப் பார்த்துவிட்டு ஈசிஆர் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். திருவிடந்தை ஸ்டாப்பில் எங்கள் சபை மூப்பரின் மனைவி கிரேஸ் அம்மா ஏறினார். கூடவே அவர் மகன் ஜான்சன். ஆராதனையில் கீபோர்டு வாசிப்பவன், வயது முப்பத்தாறு, பெண் அமையவில்லை. என்னைப் பார்த்ததும் ஜான்சன் டிரைவருக்குப் பின்சீட்டில் போய் உட்கார்ந்து கடலைப் பார்க்க ஆரம்பித்தான். கிரேஸ் அம்மாவுக்கு என் பக்கத்து சீட் மட்டும்தான் கிடைத்தது. மடியில் மஞ்சள் பை. பைக்குள் மாலை. திருவிடந்தைப் பெருமாள் கோயிலில் கல்யாணமாகாதவர்கள் மாலை போட்டுக்கொண்டு சுற்றி வருவார்கள், அந்த மாலையை வீட்டில் பத்திரப்படுத்துவார்கள் என்பது இந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும்.

நான் ஊழியக்காரி, ஏதாவது சொல்லியாக வேண்டும். ஆனால் வாயில் வந்த கேள்வி, "வூட்டுல எங்க மாட்டுவீங்க?" என்பதுதான். "மாட்டுறதா! வசன காலண்டரு பக்கத்துலயா? பீரோக்குள்ள வெச்சிடுவேன்" என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆண்டவர்கிட்ட பதினோரு வருசமா கேட்டுகினு கீறேன் சிஸ்டர். அவுரு இன்னா நெனச்சிகினு கீறாருன்னே புரில. பக்கத்து வூட்டு லட்சுமி போயிட்டு வான்னா. பெத்தவ மனசு, போய்ட்டேன்." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கண்டித்ததற்கும் அது கணக்கில்லை, சம்மதித்ததற்கும் கணக்கில்லை.

அடுத்த வருடமே ஜான்சனுக்குக் கல்யாணம் நடந்தது. மறுவாரம் சாட்சி சொல்லும் நேரத்தில் கிரேஸ் அம்மா எழுந்து, ஆண்டவர் ஜெபத்தைக் கேட்டார் என்று கண்ணீரோடு நன்றி சொன்னார். உட்காரும்போது என்னைப் பார்த்தார். ஆராதனை முடிந்ததும் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் காதில் சொன்னார்: "அந்த மாலைய புருசன் பொண்டாட்டியா போய் திருப்பிக் குடுக்கணுமாம் சிஸ்டர், மருமவ பக்தியான பொண்ணு, அவகிட்ட நீயே எப்டினா பதமா சொல்லேன்."

ரூபி அக்காவின் மனு

கல்யாணம் ஆகப்போகிறவர்கள் வருவது போய், ஆனவர்களும் வர ஆரம்பித்தார்கள். ரூபி அக்கா திருநெல்வேலிப் பக்கம். இருபது வருடமாக டவுன்ஷிப்பில் இருக்கிறார். கணவர் பெரிய இன்ஜினியர், எங்கள் சபைச் செயலாளரும் அவர்தான். ஆபீஸ் விட்டால் கட்டடக் குழு, அது முடிந்தால் ஜெபக்குழு, சனிக்கிழமை கிராம ஊழியம், ஞாயிறு முழுக்கச் சபை. நான் மேடையில் பல தடவை அவரைப் புகழ்ந்திருக்கிறேன்.

ரூபி அக்கா என் எதிரில் உட்கார்ந்து, வகுப்பில் என்னென்ன சொல்லிக் கொடுக்கிறேன் என்று விசாரித்தார். கல்யாணமானவனுக்கு மனைவியைப் பற்றிய கவலை, ஆகாதவனுக்கு ஆண்டவருடைய காரியத்தைப் பற்றிய கவலை என்று பவுல் பிரித்துச் சொல்கிறார் அல்லவா, அந்தப் பாடத்தைச் சொன்னேன். "அதத்தான் கேக்க வந்தேன்" என்றார். அவர் பேச்சில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கலக்கியது. "அவிய குடிக்கலை, அடிக்கலை. மத்த பொம்பளைய மாதிரி ஒரு குறை சொல்ல முடியாது. ஊழியத்துக்குப் போறவியள தடுத்தா எனக்குப் பாவம் வந்துரும்." ஊழியத்தைக் குறைக்கச் சொல்ல என் வாய் வரவில்லை. பொறுத்துக்கொள்ளச் சொல்லவும் வரவில்லை. சேர்ந்து ஜெபிக்கலாமா என்று கேட்டேன். எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "ஜெபமெல்லாம் வீட்டுல நெறைய நடக்கு சிஸ்டர், அந்த பவுலுக்கு வீட்டுல காத்துக்கிட்டிருக்க ஆள் இல்ல, இவியளுக்கு நான் ஒருத்தி இருக்கேன்லா, அத மட்டும் யாராவது சொன்னாப் போதும்."

நிலக்கடலை

நேசமணி அம்மாள் கொண்டுவந்த மூன்று போட்டோவில் இரண்டைத் திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவதை உடனே கொடுக்கவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. செங்கல்பட்டில் பள்ளி ஆசிரியர், மனைவி இறந்து ஐந்து வருடம், பன்னிரண்டு வயதில் ஒரு மகள். சபையில் யார் கண்ணிலும் படக்கூடாது என்று மாமல்லபுரத்தில் சந்திக்க ஏற்பாடு. சுற்றுலாக் கூட்டத்துக்கு நடுவே அவரும் மகளும் நானும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். அவர் வேகவைத்த நிலக்கடலை வாங்கி, உரித்து உரித்து, பாதியை என் பக்கத்துக் காகிதத்தில் வைத்துக்கொண்டே பேசினார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. கை தானாக வைத்தது. "கடைக்குப் போனா இன்னும் அவளுக்குப் புடிச்ச சோப்பத்தான் வாங்கிட்டு வரேன். இது உங்களுக்குத் தெரியணும்னு சொல்றேன்" என்றார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. மகள் மட்டும் என்னை ஒரு கேள்வி கேட்டாள்: "ஆன்ட்டி, நீங்க எங்க வூட்டுக்கு வந்துட்டா, உங்க சர்ச்சுல உங்க வேலைய யாரு செய்வாங்க?" பெரியவர்கள் யாரும் அதுவரை கேட்காத கேள்வி அது.

மூன்று வாரம் ஜெபித்தேன். பதில் வரவில்லை. பதில் வராததும் ஒரு பதில்தான் என்று நான் எத்தனையோ பேருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். எனக்கு நானே சொல்லிப் பார்த்தபோது, இதை எப்படி அவர்கள் ஏற்றுக்கொண்டு போனார்கள் என்று ஆச்சரியமாக இருந்தது. ஒரு நாள் காலையில் எழுந்து, 'சரி' என்று சொல்லலாம் என்று போனை எடுத்தேன். வாயிலிருந்து வந்தது "வேண்டாம் சார்" என்பது. ஏன் என்று மெதுவாகக் கேட்டார். தெரியவில்லை என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. அதற்கு அவர் சொன்னார்: "தெரியலன்னா பரவால்ல சிஸ்டர், ஆண்டவர் வேணாம்னு சொன்னாருன்னு நீங்க சொல்லியிருந்தா, நான் அவர்கிட்ட சண்டைக்குப் போயிருப்பேன்."

மாசிலாமணி அண்ணன் கேட்டது

ஆசிரியரிடம் வேண்டாம் என்று சொல்லி ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு வேலைநாள் காலையில், வேலைக்குப் போகும் சட்டையோடு மாசிலாமணி அண்ணன் வந்து நின்றார். கான்ட்ராக்ட் வெல்டர். அதிகம் பேசாதவர். அவர் மூத்த மகள் எப்சிபா செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், வயது இருபத்தேழு. நல்ல மாப்பிள்ளை அமைந்திருக்கிறது, தேதி குறிக்கப் போகும் நேரத்தில் பெண் முடியாது என்கிறாள். கல்யாணமே வேண்டாமாம், வடக்கே ஒரு மலைக்கிராமத்தில் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகப் போகிறாளாம். "உன்ன பாத்துதான் சிஸ்டரு அவ இப்டி ஆய்ட்டா. நீ தனியா கீற, நல்லா கீற, எல்லாரும் மரியாத குடுக்கறாங்கோன்னு சொல்றா. அதான் உன்கிட்டயே கேக்கறேன். நீ சந்தோசமா கீறியா? ஆமான்னா சொல்லு, நான் அனுப்பிச்சிடறேன். இல்லன்னா நீயே அவளுக்கு புத்தி சொல்லு." சொல்ல ஒரு வார்த்தைதான் வேண்டும். எனக்கு இரண்டு நாள் வேண்டும் என்று கேட்டேன்.

செங்கல்பட்டுக்குப் போய் எப்சிபாவைப் பார்த்தேன். ஆஸ்பத்திரி கேன்டீனில் டீயை ஆற வைத்துக்கொண்டே பேசினாள். காதல் தோல்வியா என்று நான் சுற்றி வளைத்துக் கேட்டதும் சிரித்துவிட்டாள். "அதெல்லாம் ஒண்ணியும் இல்லக்கா. அங்க பிரசவம் பாக்க நர்ஸ் இல்ல. எனக்கு பிரசவம் பாக்கத் தெரியும். போவணும்னு தோணுது, அவ்ளோதான்." அவள் வயதில் எனக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. முதல் வரன் வந்தபோது அப்பா பக்கவாதத்தில் படுக்கையில் இருந்தார். இரண்டாவது வந்தபோது தம்பி படித்துக்கொண்டிருந்தான். மூன்றாவதுக்கு நான் கறுப்பு. பிறகு வரன் வருவது நின்றது. முப்பத்திரண்டில் ஊழியத்துக்கு வந்தபோது, இது ஆண்டவர் அழைப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன். ஆண்டவர் அழைத்ததால் தனியாக இருக்கிறேனா, வேறு யாரும் அழைக்காததால் இருக்கிறேனா என்று யாராவது அடித்துக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் செங்கல்பட்டு ஆசிரியர் அழைத்தாரே, அப்போதும் போகவில்லையே? அதுவும் புரியவில்லை. இதை வைத்துக்கொண்டு இன்னொருத்தி வாழ்க்கைக்கு என்ன புத்தி சொல்வது?

வெள்ளிக்கிழமை சாயந்திரம் மாசிலாமணி அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் நாற்காலியில், அவர் மனைவி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு மீன் அலசிக்கொண்டிருந்தார். பொய் சொல்ல மனம் வரவில்லை. "அண்ணே, சில நாளு ரொம்ப சந்தோஷமா கீறேன். ஒரு வீட்டுல ஜெபம் பண்ணிட்டு வரப்ப, இந்த வேலைக்குத்தான் பொறந்தேன்னு தோணும். சில நாளு வந்து கதவத் தொறந்தா, உள்ள யாருமில்லன்னு வாசல்லயே உக்காந்துடுவேன். ஒடம்பு சரியில்லன்னா, ஒரு கஞ்சி வெச்சுக் குடுக்க ஆளு இல்லியேன்னு அழுவேன். மறுநாள் எழுந்து வேலைக்குப் போயிடுவேன். இதுக்கு சந்தோஷம்னு பேரா, இல்லையான்னு எனக்குத் தெரியல." இது அண்ணன் கேட்ட ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அலசும் சத்தம் நின்றது. இந்த விஷயத்தில் அதுவரை ஒரு வார்த்தை பேசாத அவர் மனைவி, திரும்பாமலே சொன்னார்: "சிஸ்டரு சொன்னதெல்லாம் எனக்கும்தான் கீது, முப்பது வருசமா புருசனோட கீறேன், புள்ளைய அனுப்பு."

ஒரு ரூமில் எட்டுப் பேர்

எப்சிபா போனாள். செங்கல்பட்டு ஸ்டேஷனில் வழியனுப்பும்போது மாசிலாமணி அண்ணன் ரயில் போன பிறகும் கையை இறக்கவில்லை. அடுத்த இரண்டு மாதம் நான் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பெண் அங்கே தனியாக உட்கார்ந்து அழுதால், அந்த அழுகைக்கு நான்தானே பொறுப்பு? மலைக்கிராமத்தில் சிக்னல் கிடைப்பதும் அரிது. ஒரு மத்தியானம் வீடியோ காலில் வந்தாள். மெலிந்திருந்தாள். பின்னால் ஒரே கூச்சல், யாரோ பாடுகிறார்கள், யாரோ பக்கெட்டை உருட்டுகிறார்கள்.

அன்று காலையில் இரட்டைக் குழந்தை பிரசவம் பார்த்ததைச் சொன்னாள். தாய் இரண்டு மணி நேரம் நடந்தே வந்தாளாம். சொல்லும்போது முகம் அப்படி மலர்ந்திருந்தது. "தனியா இருக்கறது கஷ்டமா இல்லியாம்மா?" என்று இத்தனை நாள் என்னைத் தின்ற கேள்வியைக் கேட்டேன். போனை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். வரிசையாகக் கட்டில்கள், கொடியெல்லாம் துணி, ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு பெண் கையசைத்தாள். "எங்கேக்கா தனியா? கல்யாணம் வேணாம்னு வந்தவங்க எல்லாரையும் ஒரே ரூம்ல போட்டுட்டாங்க, எட்டு பேரு, ஒரு பாத்ரூமு; எனக்கு கொஞ்ச நேரம் தனியா இருக்கறதுக்கு ஜெபம் பண்ணிக்குங்க."

புதுப் பாஸ்டர் கேட்ட சந்தேகம்

சென்ற வருடம் எங்கள் பாஸ்டருக்கு மாற்றல் ஆகி, புதியவர் வந்தார். வயது இருபத்தொன்பது, கல்யாணம் ஆகவில்லை. நேசமணி அம்மாள் என்னை மறந்தே போனார். மூன்று மாதத்தில் பாஸ்டருக்குப் பெண் நிச்சயமாகியது. செங்கல்பட்டில் பேங்கில் வேலை பார்க்கும் பெண். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே? பாஸ்டராகவே இருந்தாலும் நாலு சனிக்கிழமை வந்து உட்கார வேண்டும். ஞாயிறு தோறும் எனக்குப் பிரசங்கம் செய்பவர், சனிக்கிழமை சாயந்திரம் நோட்டும் பேனாவுமாக என் எதிரில் உட்கார்ந்தார். இறையியல் படித்தவர். நான் பிளஸ் டூவும் ஒரு வருட வேதப் பயிற்சியும்.

வகுப்பு முடியும் நேரத்தில் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்: "அக்கா, ஒண்ணு மறைக்காம சொல்லுங்க. கல்யாணம் பண்ணிக்கிட்டா ஊழியம் கொறஞ்சிடுமா? பயமா இருக்கு." அந்தப் பெண் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளிடம் இதை அவர் சொன்னதே இல்லை போலிருக்கிறது. குறையாது என்றால் இந்தப் பெண்ணும் ரூபி அக்கா மாதிரி வீட்டில் காத்திருக்க வேண்டும். குறையும் என்றால் எதிரில் இருக்கும் பெண்ணுக்கு என்ன ஆகும்? "எனக்குத் தெரியல பாஸ்டர். ரெண்டு பேரும் சேந்து பாத்துட்டு வந்து எனக்குத்தான் சொல்லணும்" என்றேன். நிச்சயத்தை நிறுத்திவிட்டேனோ என்றுகூட நினைத்தேன். அந்தப் பெண் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் முறையாகச் சிரித்தாள். "நிச்சயம் ஆன நாள்லேர்ந்து பாக்கறவங்க எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்கு சிஸ்டர், தெரியலன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான், அடுத்த சனிக்கிழமை அரை மணி நேரம் முன்னாடியே வரோம்."

கல்யாணம் வேண்டாம் என்றவர்கள் கொஞ்ச நேரம் தனியாக இருக்க வேண்டும் என்றும், கல்யாணமானவர்கள் துணைக்கு ஒரு ஆள் வேண்டும் என்றும் ஒரே ஆண்டவரிடம் கேட்கும்போது, நடுவில் உட்கார்ந்து இரண்டு ஜெபத்துக்கும் 'ஆமென்' சொல்வதுதான் என் உத்தியோகம் என்று இப்போதைக்குப் புரிந்து வைத்திருக்கிறேன்.